கேட்காமல் அடித்த மஞ்சள்

மூன்றரை மணிக்குள் இரண்டாவது கோட் காய்ந்தாக வேண்டும். மூன்றரைக்குப் பள்ளிக்கூடம் விடும். மூன்றே முக்காலுக்குக் குட்டிப்பெண் மிளகு வீட்டு வாசலில் நிற்பாள். பெயிண்டர் ரோலரை ட்ரேயில் உருட்டி, அதிகப்படியை விளிம்பில் வழித்துவிட்டு, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் இறக்கினான். மஞ்சள். கோழிக்குஞ்சு மஞ்சள். ஜன்னல் வெளிச்சம் பட்டதும் பத்துக்குப் பத்து அறை பல்லைக் காட்டிச் சிரித்தது.

பதினேழு வருஷத்தில் எத்தனை குழந்தைகளின் அறைக்கு வண்ணம் அடித்திருக்கிறான் என்று அவனுக்கே தெரியாது. மேகம், வாத்து, ரயில், ராக்கெட், எது கேட்டாலும் அவன் கைக்கு வரும். ஆனால் தான் குடியிருக்கிற வீட்டுச் சுவரில் ரோலர் வைப்பது இதுதான் முதல் தடவை. இந்த மஞ்சளும் ஆறாவது மாடி ஃபிளாட் ஒன்றில், வேறொரு குழந்தையின் அறைக்கு வாங்கி மிஞ்சியதுதான். "வாளியைத் தூக்கிட்டுப் போய்யா, உன் பொண்ணு ரூமுக்கு அடி" என்று மேஸ்திரி காலால் தள்ளிவிட்டிருந்தார். கூட வேலை பார்க்கும் நெட்டை, "அண்ணே, ரெண்டு கோட்டுக்கு வருமான்னு தெரியல. மீதிக்கு உங்க சிரிப்பையே பூசிடுங்க" என்றான்.

மதியத்துக்கு மேல் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான். மறுநாள் அந்த ஃபிளாட்டின் சாவியை வீட்டுக்காரரிடம் ஒப்படைக்கிற நாள். காலை எட்டு மணிக்கெல்லாம் வந்து நிற்பதாக மேஸ்திரியிடம் வாக்குக் கொடுத்திருந்தான்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. வெள்ளிக்கிழமை மேடம் வருகிறார். குழந்தைகள் நல அலுவலகத்து மேடம். பதினோரு மாதமாக மாதம் ஒருமுறை வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, படிவத்தில் டிக் அடித்துவிட்டுப் போகிறவர். போன தடவை மிளகின் அறைச் சுவரைத் தடவிப் பார்த்து, "ஓதம் இருக்கே" என்று எழுதிக்கொண்டார். வெள்ளிக்கிழமை வருவது கடைசிப் பார்வை. அவர் சரி என்றால் மிளகு சட்டப்படி அவனுக்கும் மனைவிக்கும் பெண். இல்லை என்றால், பழைய குழந்தைகள் இல்லத்துக்கே திரும்பிப் போவாள்.

அடிக்கத் தொடங்குமுன் அலமாரியை நகர்த்தியபோதுதான் அதைப் பார்த்தான். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே நான்கு விரல் சந்து. அதில் ரொட்டித் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஓடு அடுக்கிய மாதிரி. பாதி பச்சை பூத்திருந்தன. இரண்டு வாழைப்பழம் தார் நிறத்தில் சுருங்கிக் கிடந்தது. ஒரு சாரை எறும்பு ஜன்னல் வரை போய்க்கொண்டிருந்தது.

"அடிப்பாவி, கடையே வச்சிருக்காளே" என்று சிரித்தபடி அத்தனையையும் பையில் வாரி, குப்பை வண்டிக்காரரிடம் கொடுத்தான். கையோடு கையாகப் போர்வையையும் தலையணை உறையையும் துவைத்துக் காயப்போட்டான். மூன்றே கால் மணிக்குக் கட்டிலை இழுத்துப் போட்டு, உறை மாட்டி, வாசற்படியில் நின்று ஒரு தரம் பார்த்தான். வீட்டுக்காரர்களிடம் அறையைத் திறந்து காட்டுகிற அந்த நிமிஷம் அவனுக்கு எப்போதும் பிடிக்கும். குழந்தைகள் உள்ளே ஓடிச் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்க்கும். அதை நினைத்தபடி பள்ளிக்கூடத்துக்கு நடந்தான்.

*

மிளகுக்கு ஏழு வயது. வந்த அன்றைக்கே அவன் கட்டைவிரலைக் கடித்துப் பதம் பார்த்தவள். "ஆளு இத்தனூண்டு, என்னா காரம்! மிளகு!" என்று அவன் கையை உதற, அவள் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டாள். பதிலுக்கு அவளும் பெயர் வைத்தாள். சட்டைக் கம்பெனியில் பட்டன் தைக்கும் மிஷினில் உட்காருகிற அவன் மனைவிக்கு "பட்டன்". அவனுக்கு ஊர் கூப்பிடுகிற பெயரே: "பெயிண்டர்."

அவளைப் பள்ளியிலிருந்து அழைத்துவந்து அறை வாசலில் நிறுத்தி, "கதவைத் தள்ளு" என்றான்.

தள்ளினாள். படியிலேயே நின்றாள். மூக்கு இரண்டு தரம் விரிந்து சுருங்கியது. பிறகு சுவரைப் பார்க்காமல் நேரே அலமாரிக்குப் போய், சந்துக்குள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தாள். கட்டிலுக்கு வந்து தலையணையை முகர்ந்தாள். திரும்பினாள்.

"எப்ப போகணும்?"

"எங்க?"

"இல்லத்துக்கு."

பெயிண்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரு போகச் சொன்னா? இது உனக்குத்தான்டா. உன் ரூம்."

தலையை ஆட்டினாள். பெரியவர்கள் எது சொன்னாலும் ஆட்டுகிற அதே ஆட்டு. "முதல் வீட்லயும் பெட்ஷீட் எல்லாம் மாத்தி, அலமாரிக்குப் பின்னாடி பெருக்கினாங்க. அப்புறம் கார் வந்துச்சு. ரெண்டாவது வீட்ல பொம்மை கூடப் புதுசா வாங்கி வச்சாங்க. நான் ஒரு தடவைதான் தொட்டேன். அன்னைக்கே கார் வந்துடுச்சு." கொஞ்சம் யோசித்தாள். "அடுத்து வர்ற பொண்ணு பேரு என்ன, பெயிண்டர்?"

அவள் அழவில்லை. கத்தவில்லை. கழற்றிய ஷூவை மறுபடி மாட்டி, பட்டையை இழுத்து ஒட்டி, புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு தெருக்கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

"ஷூவைக் கழட்டுடா."

"வேணாம். கார் வந்தா தேட நேரம் இருக்காது."

*

ஆறரை மணிக்கு மனைவி வந்தாள். கதவைத் திறக்க முடியவில்லை, பின்னால் மிளகு. இடுக்கு வழியாக உடம்பைச் சாய்த்து நுழைந்தவள், மிளகையும் ஷூவையும் பார்த்தாள், எதிர்ச் சுவரில் குந்தியிருந்த கணவனைப் பார்த்தாள், அறையை எட்டிப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசாமல் அவன் சட்டைக் காலரைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

சமையலறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஆலோசனை மையத்தில் கொடுத்த தாள். பத்து வரி. எண்ணெய்ப் பிசுக்கு ஏறி ஓரம் சுருண்டிருந்தது.

"நாலாவது என்ன? படிங்க."

"ஏம்மா, நான் நல்லதுக்குத்தானே..."

"படிங்கன்னா."

"குழந்தையின் பொருளைக் கேட்காமல் தொடாதீர்கள். எடுக்காதீர்கள். இடம் மாற்றாதீர்கள்."

"ஏழாவது?"

"குழந்தை உணவை ஒளித்து வைத்தால் திட்டாதீர்கள், அகற்றாதீர்கள்." குரல் இறங்கிவிட்டது.

"பதினோரு மாசமா தினமும் இதுக்கு முன்னாடி நின்னுதான் பல்லு விளக்குறீங்க. கண்ணுல பட்டதில்ல?"

"படிச்சிருக்கேன். ஆனா அது எறும்பு புடிச்சுக் கிடந்துச்சு. பூஞ்சை. சுவருன்னா சுத்தம் பண்ணிட்டுத்தானே அடிக்கணும்? கை தானா செஞ்சுடுச்சு."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு தாளை அல்ல, தன் விரல் நகத்தைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். "மூணு வயசு வரைக்கும் பூட்டின ரூம்ல கிடந்த புள்ளை அது. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கதவு திறந்தா சோறு. அந்த ரொட்டி குப்பை இல்ல. கதவு திறக்காத நாளைக்கு."

பெயிண்டர் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டான். விரல் இடுக்கில் மஞ்சள் காய்ந்து வெடித்திருந்தது.

"குப்பை வண்டி போயிடுச்சா?"

"மத்தியானமே."

"சரி. வாங்க. ஷூவைப் போட்டுக்குங்க."

"எதுக்கு?"

"போட்டுக்குங்கன்னா."

இரண்டு பேரும் செருப்பு ஷூ சகிதம் கதவருகே போய் மிளகுக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தராக உட்கார்ந்தார்கள். மனைவி தன் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். மிளகு ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"நீ எங்க போற, பட்டன்?"

"கார் வருதாமே. நாங்களும் ஏறிக்கிறோம்."

"மூணு பேருக்கு இடம் இருக்காது. ஃபைல் வச்ச மேடம் ஒருத்தங்க உக்காருவாங்க."

"பெயிண்டரை டிக்கியில போட்டுடலாம். நான் மடியில உக்காந்துக்கறேன்."

"யார் மடியில?"

"டிரைவர் மடியிலதான்."

மிளகின் உதட்டோரம் ஒரு நூல் அளவு அசைந்தது. அவ்வளவுதான். ஆனால் அசைந்தது. ரொட்டியும் முட்டையும் அங்கேயே வந்தன. தட்டை மூன்று பேரும் மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். மிளகு ஒரு துண்டு ரொட்டியைப் பைக்குள் தள்ளியதை இரண்டு பேரும் பார்க்காத மாதிரி எதிர்ச் சுவரைப் பார்த்தார்கள். கார் வரவில்லை. ஷூவோடு அவள் தூங்கிப்போன பிறகு மெத்தையை அங்கேயே இழுத்துப் போட்டார்கள்.

*

காலை ஏழரைக்கு மனைவி வேலைக்குக் கிளம்பியபோதும் ஷூ கழலவில்லை. மிளகு கதவருகிலேயே இருந்தாள். பெயிண்டர் கடிகாரத்தைப் பார்த்தான். மேஸ்திரிக்குப் போன் போட்டான்.

"அண்ணே, இன்னைக்கு வர முடியாது."

"என்னய்யா சொல்றே? பதினோரு மணிக்கு ஓனர் வர்றாரு. வாசக்கதவு பாலிஷ் யாரு பண்றது, நானா?"

"நெட்டை பண்ணுவான் அண்ணே."

"நெட்டை பண்ணினா பாலிஷ் கதவு மேல பாதி, அவன் மேல பாதி. உடம்புக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணுமில்ல. பொண்ணு..."

"காய்ச்சலா?"

பெயிண்டர் மிளகைப் பார்த்தான். அவள் காது இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. அவளுக்கு எதிரில் பொய் சொல்வதில்லை என்பது அந்தத் தாளின் முதல் வரி. "காய்ச்சல் இல்ல அண்ணே. பயந்திருக்கா. கூட இருக்கணும்."

"பயத்துக்கெல்லாம் லீவா? நல்லா இருய்யா" என்று போன் வைக்கப்பட்டது.

அவன் மிளகுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "இந்தா, ஒண்ணு சொல்லணும். உன் ரூமை உன்னைக் கேக்காம அடிச்சேன். உன் ரொட்டியைக் கேக்காம எடுத்தேன். தப்பு. என் தப்பு. உன் தப்பு இல்ல."

அவள் ஷூ பட்டையைப் பிரித்து ஒட்டினாள். பிரித்து ஒட்டினாள்.

அவன் எழுந்து போய்ப் பட்டி பிளேடை எடுத்து, கட்டிலுக்கு மேலே மஞ்சள் சுவரில் வைத்துச் சுரண்டத் தொடங்கினான். சர்ரக் என்று ஒரு பட்டை சுருண்டு விழுந்தது. நேற்று மூன்று மணி நேரம் அடித்ததைச் சுரண்ட ஒரு நாள் போதாது என்று அவனுக்குத் தெரியும். பத்து நிமிஷம் கழித்துப் பின்னால் ஷூ சத்தம் கேட்டது. வாசற்படியோடு நின்றது.

"ஏன் சுரண்டுற?"

"உன்னைக் கேக்காம அடிச்ச பெயிண்ட் இது. இதுக்கு இங்க வேலையில்ல."

"வேற பொண்ணு வந்தா என்ன பண்ணுவ?"

"வேற பொண்ணு வரமாட்டா. வந்தாலும் சுரண்டின சுவரைப் பாத்துட்டு ஓடிடுவா."

அவன் அடுத்த பட்டையைச் சுரண்டினான். பிறகு, "அந்த மூலையில விட்டுட்ட" என்றாள்.

"எங்க?"

"அங்க. கண்ணு தெரியலையா பெயிண்டர்?"

"வயசாகுதுல்ல. நீ வந்து காட்டு."

வந்தாள். மூலையைத் தொட்டுக் காட்டினாள். அவன் சின்ன பிளேடு ஒன்றை உப்புத்தாளில் முனை மழுக்கி நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி சுரண்டினாள். மஞ்சள் தூள் இரண்டு பேர் முடியிலும் படிந்தது. மத்தியானம் வாக்கில் பழைய சுவர் தெரிய ஆரம்பித்தது. மேடம் எழுதிக்கொண்ட ஓதக்கறையும், திமிலும் கால்களுமாக, கூடவே வந்தது.

"ஒட்டகம்!" என்று மிளகு கத்தினாள். அவள் குரல் இவ்வளவு உரக்க இருக்கும் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். "என் ஒட்டகம். ஆனா பின்னங்காலைக் காணோம்."

அவன் குனிந்து பார்த்தான். கால் இருந்த இடத்துப் பூச்சு மஞ்சளோடு சேர்ந்து பெயர்ந்து வந்துவிட்டது. உள்ளே செங்கல் தெரிந்தது. ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். நாலு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது.

"அது போச்சுடா. என்னால திருப்பிக் கொண்டுவர முடியாது."

அவள் செங்கல்லில் விரலை வைத்துத் தடவினாள். பிறகு புத்தகப் பையைத் திறந்து பென்சில் எடுத்து, செங்கல் மேலேயே ஒரு காலை வரைந்தாள். மற்ற மூன்றையும்விட நீளமான கால். "ஓடறதுக்கு" என்றாள்.

அன்று சாயங்காலம் அவன் காலி பெயிண்ட் டின் ஒன்றைச் சுடுதண்ணீரில் கழுவித் துடைத்து அவள் முன் வைத்தான். "இது உன் டப்பா. ரொட்டி போடு, பழம் போடு. நான் திறக்க மாட்டேன், பட்டன் திறக்க மாட்டா. எறும்புதான் யாரையும் கேக்காது, அதுக்காக மூடி."

அவள் டின்னைக் குலுக்கிப் பார்த்தாள். மூடியை ஏழெட்டுத் தடவை திறந்து மூடினாள். தூங்கப் போகும்போது ஷூவைக் கழற்றி, கதவருகே அல்ல, கட்டிலுக்கு அடியில் வைத்தாள்.

*

புதன்கிழமை மேஸ்திரியைப் பார்க்கப் போனபோது அவர் புதிய கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில், சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து வண்ணப் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"வாய்யா. கதவு பாலிஷ் ஆகலைன்னு ஓனர் சாவி வாங்க மாட்டேன்னுட்டாரு. வேற ஆளை வச்சு முடிச்சேன். அந்த ஆளையே உன் இடத்துல இங்கயும் வச்சுக்கிட்டேன். சொல்லிட்டேன், அப்புறம் தெரியாதுன்னு சொல்லாதே."

பெயிண்டர் தலையை ஆட்டினான். "அது பரவாயில்ல அண்ணே. ஒரு லெட்டர் மட்டும். வெள்ளிக்கிழமை மேடம் வர்றாங்க. அப்பாவுக்கு நிரந்தர வேலைன்னு முதலாளி கையெழுத்து இருந்தாத்தான் ஃபைலை முடிப்பாங்களாம்."

"வேலையில இல்லாத ஆளுக்கு வேலையில இருக்கான்னு எப்படிய்யா எழுதறது?"

நெட்டை ஏணியில் நின்றபடி, "எழுதுங்க மேஸ்திரி, நீங்க எழுதாத பொய்யா?" என்றான். மேஸ்திரி அவன் மேல் உப்புத்தாளைச் சுருட்டி எறிந்தார்.

பிறகு பெயிண்டரின் முகத்தைப் பார்த்தார். முடியில் மிச்சமிருந்த மஞ்சளைப் பார்த்தார். "நான் ஒண்ணும் கல்லு இல்லய்யா. எனக்கும் ரெண்டு இருக்கு. கடற்கரை ஓட்டல் வேலை ஒண்ணு எடுத்திருக்கேன். நூத்தி நாப்பது ரூம். அங்கயே தங்கி ரெண்டு மாசத்துல முடிக்கணும். போக ஆள் இல்ல, ஒருத்தனும் ஊரை விட்டு வரமாட்டேங்கறான். நீ வர்றேன்னா உன் கேங்குல உன் இடத்தை உனக்கே தர்றேன். இப்பவே லெட்டர். முழுநேரம், நிரந்தரம், ஒழுக்கமானவர், என்ன வேணுமோ எழுதிக்கோ. வெள்ளிக்கிழமை காலையில வேன் உன் வீட்டு வழியாத்தான் போகும்."

"நடுவுல வந்துட்டுப் போக முடியுமா அண்ணே?"

"ஒன்பது மணி நேரப் பயணம். நடுவுல வர்றவனுக்கு நான் எதுக்கு நிரந்தரம்னு எழுதணும்?"

சிமெண்ட் மூட்டையின் மேல் வைத்தே லெட்டர் எழுதப்பட்டது. மேஸ்திரி முத்திரையை வாயருகே கொண்டுபோய் ஹா என்று ஊதிக் குத்தினார்.

*

"அறுபது நாள்" என்றான் பெயிண்டர். "அறுபது நாள் நான் இங்க இருக்க மாட்டேன். தினமும் ஏழு மணிக்குப் போன் பண்ணுவேன். அறுபத்தோராவது நாள் வந்துடுவேன்."

மிளகு டின் மூடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். யார் போனாலும் அவள் இப்படித்தான். முகம் பலகை மாதிரி ஆகிவிடும். "சரி" என்றாள். அந்தச் சரிதான் அவனுக்குத் தாங்கவில்லை.

மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். பட்டன் மிஷினில் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் கிழிசல் துணியில் ஓட்டப் பழக்குவார்கள், அப்புறம்தான் சட்டை. "போறதையும் கிழிசல்ல ஓட்டிப் பாத்துடுவோம்" என்றாள்.

புதன் மாலை அவன் வாசல் வரை போய்த் திரும்பினான். "போயிட்டு வரேன்" என்று சொல்லி, போய், "வந்துட்டேன்" என்று சொல்ல வேண்டும். அடுத்து தெருமுனை வரை. அடுத்து மருந்துக்கடை வரை. மிளகு ஜன்னலில் முகத்தை ஒட்டி நின்றாள். மருந்துக்கடைக்காரர், "என்ன பெயிண்டரே, வர்றீங்க, ஒண்ணும் வாங்காம திரும்பிப் போறீங்க, கடன் கேக்க வெக்கமா?" என்றார்.

வியாழன் காலை அவன் ஒற்றைச் செருப்பைக் காணவில்லை. மனைவி தேட, அவன் கண்ணால் வேண்டாம் என்றான். ஒற்றைக் காலில் செருப்போடு பஸ் நிறுத்தம் வரை விந்தி விந்திப் போய் வந்தான். "வந்துட்டேன்!"

மிளகு அவன் வெறுங்காலைப் பார்த்தாள். பாதத்தில் தார் ஒட்டியிருந்தது. "லூசு பெயிண்டர். ஒத்தக் கால்ல போவாங்களா?"

"இன்னொண்ணு எங்கயோ போயிருக்கு. அதுவும் போயிட்டு வரும்."

சிறிது நேரத்தில் செருப்பு அவன் முன்னால் வந்து விழுந்தது. கூடவே அவளும் வந்து, அவன் காலைத் தன் மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டு, பழந்துணியால் தாரைத் தேய்த்தாள். முதல் நாள் கடியை விட்டால், பதினோரு மாதத்தில் அவளாக வந்து அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அவன் கால் கூசியது. அசைக்காமல் வைத்துக்கொண்டான்.

*

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வரவேண்டிய மேடம் எட்டே முக்காலுக்கே வந்துவிட்டார். வேன் ஒன்பதுக்கு. கடைசிப் பார்வையில் கேள்வி வரக்கூடாது என்று பெயிண்டரின் துணிமூட்டையை மனைவி காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

மேடம் மிளகின் அறையை எட்டிப் பார்த்தார். அங்கங்கே மஞ்சள் திட்டு, நடுவில் செங்கல், நீண்ட கால் ஒட்டகம். "என்ன இது?"

"வேலை நடக்குது மேடம். கலர் அவ சொல்லட்டும்னு இருக்கோம்" என்றாள் மனைவி.

"ஓ, சீரமைப்பு." எழுதிக்கொண்டார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து லெட்டரை இரண்டு தரம் படித்தார். முகம் மலர்ந்தது. "நிரந்தர வேலை. இதுதான் இவ்வளவு நாளா குறையா இருந்துச்சு. ரொம்ப நல்லது. நல்ல குடும்பம்னு நானே மேல எழுதியிருக்கேன்." ஒரு தாளை உருவி மேஜையில் வைத்தார். "இது உறுதிமொழி. கையெழுத்துப் போடுங்க. அஞ்சாவதைக் கவனிச்சுப் படிங்க. முதல் ரெண்டு வருஷம் அப்பா அம்மா ரெண்டு பேரும் தினமும் குழந்தையோட இருக்கணும். இந்த மாதிரிக் குழந்தைகளுக்கு அதுதான் மருந்து."

மனைவி கணவனைப் பார்த்தாள். அவன் பேனாவை வாங்கினான். ஐந்தாவதை நிதானமாக, உதடு அசையப் படித்தான். கையெழுத்துப் போட்டான். மனைவியும் போட்டாள்.

தெருவில் வேன் வந்து நின்றது. ஹாரன் ஒரு தரம். பிறகு நெட்டையின் குரல்: "அண்ணே!"

"வேலைக்குக் கிளம்பணும் மேடம்" என்றான் பெயிண்டர்.

"கிளம்புங்க, கிளம்புங்க. வேலைதானே முக்கியம்." மேடம் மிளகின் பக்கம் குனிந்தார். அன்பானவர்தான்; கன்னத்தில் மெல்லத் தட்டினார். "என்ன பாப்பா, முகம் ஏன் இப்படி? சாயங்காலம் அப்பா வந்துடுவாரு இல்ல?"

வேன் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மிளகு மேடத்தின் மடியில் இருந்த ஃபைலைப் பார்த்தாள். நிறைய ஃபைல் பார்த்தவள் அவள். பிறகு பெயிண்டரைப் பார்த்தாள். அவன் வாயைத் திறந்தான்.

"ஆமா" என்றாள் மிளகு, அவனை முந்திக்கொண்டு. "சாயங்காலம் அப்பா வந்துடுவாரு."

மேடம் சிரித்து, கடைசிக் கட்டத்தில் டிக் அடித்தார்.

பெயிண்டர் வெறுங்கையோடு வெளியே வந்தான். சாயங்காலம் திரும்புகிறவன் துணிமூட்டை எடுத்துப்போக மாட்டான். வேனில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தான். "என்ன அண்ணே, பை எங்க?" என்று நெட்டை கேட்டது காதில் விழவில்லை.

மேடம் மிளகின் தோளில் கை வைத்தபடி வாசலில் வந்து நின்றார். மிளகு கையை உயர்த்தி, இரண்டே தரம், சின்னதாக ஆட்டினாள். வேன் நகர்ந்தது. அவள் ஓடிவரவில்லை. படியைவிட்டு ஒரு அடி கூட எடுத்து வைக்கவில்லை. காலோடு கால் சேர்த்து அழுத்தி நின்றாள். வேன் திரும்புகிறவரை, சாயங்காலம் வரப்போகிற அப்பாவை வழியனுப்புகிற பெண் எப்படி நிற்பாளோ அப்படியே, மேடம் பார்க்க, சிரித்துக்கொண்டு நின்றாள்.